டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு வரி

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. சோம்பேறித்தனம்தான், வேற காரணம் எதுவும் இல்லை. இன்னைக்கு எழுத வச்சது எங்க பெரியப்பா. கொஞ்சம் நீளமான கொசுவத்தி, பொறுத்துக்கோங்க.

பெரியப்பா பட்டாளத்துக்காரர். வேலூர்ப் பக்கத்துக்காரங்களுக்கு இது ஒண்ணும் அதிசயம் இல்லை. கம்மவான்பேட்டை மாதிரி ஊர்கள்ல எல்லாம் வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துல இருப்பாங்க. எங்க ஊர் அந்த அளவுக்கு இல்லைன்னாலும், 1962 சீனச் சண்டைக்கு அப்புறம் ஆள் எடுத்தப்ப எங்க தெருவுல இருந்து மட்டும் நாலு பேர் போனாங்க. பெரியப்பா 1963ல சேர்ந்தார். 18 வயசு. 15 வருஷம் லாரி ஓட்டிட்டு, 1978ல நாயக்கா பென்ஷனோட வந்துட்டார். எந்தப் படைப்பிரிவுன்னு சொல்லலை, காரணம் படிச்சா புரியும்.

சின்ன வயசுல எங்களுக்குப் பெரியப்பான்னாலே ட்ரங்குப் பெட்டிதான். கறுப்பு பெயின்ட், மேலே வெள்ளை எழுத்துல நம்பரும் பேரும். அதுக்குள்ள ஒரு பச்சைக் கம்பளி, ஒரு மெஸ் டின், ஒரு துணிப்பையில டிஸ்சார்ஜ் புக். அந்தப் புக்கை நாங்க தொட்டா முதுகுல ஒண்ணு விழும். சண்டைக் கதை சொல்லுங்கன்னு கேட்டா, "நான் எங்கடா சண்டை போட்டேன்? லாரிதான் ஓட்டினேன்"னு முடிச்சுக்குவார்.

2021ல, 1971 போரோட 50 வருஷ நிறைவுக்கு நாடு முழுக்க விழா நடந்தது ஞாபகம் இருக்கும். டெல்லி போர் நினைவுச் சின்னத்துல ஏத்தின ஜோதியை ஊர் ஊரா கொண்டு போனாங்க. 1971ல சண்டைக்குப் போன பழைய ஆளுங்களைக் கூப்பிட்டு மரியாதை செஞ்சாங்க. எங்க பக்கத்துலயும் ஒரு சின்ன விழா. எந்த ஊர், யார் நடத்தினதுங்கறது வேண்டாம். பெரியப்பா கோட்டு போட்டு, மெடலை எல்லாம் குத்திக்கிட்டு, அதிசயமா ஆசைப்பட்டுக் கிளம்பினார். நான்தான் பைக்ல கூட்டிட்டுப் போனேன்.

வாசல்லயே ஒருத்தர் லிஸ்ட்டைப் பார்த்து, "உங்க பேர் இல்லையே" என்றார். டிஸ்சார்ஜ் புக்கைக் காட்டச் சொன்னார். புரட்டினார். ரக்ஷா மெடல் இருக்கு. சங்க்ராம் மெடல் இருக்கு. சுதந்திர 25வது ஆண்டு மெடல், 9 வருஷ சர்வீஸ் மெடல் எல்லாம் இருக்கு. அவர் புக்கை மூடிட்டுச் சொன்னார்:

"சங்க்ராம் அப்ப சர்வீஸ்ல இருந்த எல்லாருக்கும் குடுத்ததுங்க. பூர்வி ஸ்டாரோ பஸ்சிமி ஸ்டாரோ இருந்தாத்தான் யுத்தத்துக்குப் போனதா அர்த்தம். உங்களுக்கு ரெண்டுமே இல்லை. நீங்க பின்னாடி எங்கயாவது இருந்திருப்பீங்க."

அவர் மரியாதையாத்தான் சொன்னார், பொய்யும் சொல்லலை. விஷயம் தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பரம்வீர் சக்ரா, வீர் சக்ரா மாதிரி வீரத்துக்குக் குடுக்கிறது வேற ரகம். நான் சொல்ற மெடல்கள் 'நீ அந்த நேரத்துல அந்த இடத்துல இருந்தே'ங்கறதுக்குச் சாட்சி. 5 ஆகஸ்ட் 1965 அன்னைக்கு 180 நாள் சர்வீஸ் முடிச்சிருந்தா ரக்ஷா மெடல். 3 டிசம்பர் 1971ல இருந்து 20 டிசம்பர் 1972 வரைக்குள்ள படையில இருந்தா சங்க்ராம் மெடல். ஆனா 1971ல கிழக்கு முனைப் போர்க்களத்துல இருந்தவங்களுக்கு மட்டும் பூர்வி ஸ்டார், மேற்கு முனைக்கு பஸ்சிமி ஸ்டார். இதுக்கெல்லாம் காசு கிடையாது. ஒரு துண்டு உலோகம், ஒரு துண்டு ரிப்பன், புக்குல ஒரு வரி. அவ்வளவுதான்.

அந்த ஒரு வரி இல்லாம பெரியப்பா வீட்டுக்கு வந்தார். வழியெல்லாம் பேசலை. வந்ததும் கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டினார். பெரியம்மா "என்னங்க சீக்கிரம் வந்துட்டீங்க"ன்னு கேட்டதுக்கு, "கூட்டம்"னார். ஆயிரம் தடவை "நான் எங்கடா சண்டை போட்டேன்"னு அவரே சொன்னவர்தான். அதையே அடுத்தவன் சொன்னப்ப தாங்கலை. அன்னைக்கு ராத்திரிதான் முதல் தடவையா எங்கிட்ட சொன்னார், 1971 டிசம்பர்ல அகர்தலாவுல இருந்து அக்கௌரா பக்கம் லாரியில குண்டு ஏத்திக்கிட்டுப் போனதை. ராத்திரியில லைட் போடக்கூடாதாம். முன்னாடி போற வண்டிக்குப் பின்னால தொங்குற வெள்ளைத் துணியைப் பார்த்துக்கிட்டே ஓட்டணுமாம். ஒரு நாள் அந்த வெள்ளைத் துணி திடீர்னு காணாமப் போச்சாம். "அதுக்கு மேல கேக்காதே"ன்னுட்டார். நானும் கேக்கலை.

"அப்ப ஏன் பெரியப்பா புக்குல ஏறலை?"

"நான் என் யூனிட்டோட போகலைடா. டிரைவர் பத்தலைன்னு எங்கள்ல ரெண்டு பேரை இன்னொரு யூனிட்டுக்கு அட்டாச் பண்ணி அனுப்பினாங்க. நாலு மாசம். திரும்பி வந்தேன். எவன் எழுதினான், எவன் எழுதலைன்னு யாருக்குத் தெரியும்?"

"இத்தனை வருஷம் நீங்க கேக்கவே இல்லையா?"

"கேட்டு என்ன பண்ண? லாரி ஓட்டினவனுக்கு எதுக்குடா ஸ்டாரு?"

நான் கேட்டேன். அவரோட ரெக்கார்ட் ஆபீசுக்கு ஒரு லெட்டர் போட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு பதில் வந்தது. இருக்கிற ஆவணங்களின்படி மேற்படியாருக்குப் பூர்வி ஸ்டார் வழங்கப்பட்டதாகப் பதிவு இல்லை. அவ்வளவுதான். இன்னொரு லெட்டர், அதே பதில், தேதி மட்டும் வேற. அவங்க சொன்னதுல தப்பில்லை. அவங்க ஃபைல்ல இல்லாததை அவங்க எப்படி எழுதுவாங்க? பட்டாளத்துல ஒரு ஆளுக்கு லீவு, பிரமோஷன், மெடல் எது நடந்தாலும் 'பார்ட் டூ ஆர்டர்'னு ஒண்ணுல வரணும். அதுல வந்தாத்தான் நடந்ததா கணக்கு. அட்டாச் ஆன யூனிட் போட்ட ஆர்டர் இவரோட ஆபீசுக்கு வந்து சேரலைன்னா, இவங்களைப் பொறுத்தவரைக்கும் அது நடக்கவே இல்லை.

அந்த யூனிட் பேரைக் கேட்டா பெரியப்பாவுக்குப் பாதிதான் ஞாபகம் இருந்தது. நம்பர் சுத்தமா மறந்து போச்சு. 50 வருஷம் ஆச்சே.

இங்கதான் பெரியம்மா கதைக்குள்ள வர்றாங்க. 2022 பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க பரண்ல இருந்து சாமானை இறக்கினப்ப, ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல சுருட்டி வச்ச லெட்டர்கள்! கல்யாணம் ஆன புதுசுல பெரியப்பா போட்டது. எங்களுக்கு முன்னாடி எடுக்க வெக்கப்பட்டுக்கிட்டு, "அதெல்லாம் நீ படிக்கக் கூடாதுடா"ன்னாங்க. உள்ளே இருக்கறது வேண்டாம் பெரியம்மா, அட்டையை மட்டும் காட்டுங்கன்னேன்.

பட்டாளத்து லெட்டருக்கு ஊர்ப் பேர் கிடையாது. ஆள் எங்கே இருக்கான்னு எழுதவும் கூடாது. நம்பர், ரேங்க், பேர், யூனிட், அப்புறம் மே/பா 56 ஏ.பி.ஓ. இல்லைன்னா 99 ஏ.பி.ஓ. கிழக்குப் பக்கம் இருக்கிறவங்களுக்கு 99. பெரியப்பாவோட லெட்டர் எல்லாமே 56. நடுவுல மூணே மூணு இன்லாண்ட் லெட்டர் மட்டும் 99. அனுப்புநர் இடத்துல அவர் கையெழுத்துலயே அந்த இன்னொரு யூனிட்டோட முழுப் பேரும் நம்பரும். தபால் முத்திரை பாதி அழிஞ்சிருந்தாலும் 71ங்கறது தெரிஞ்சது. உள்ளே என்ன எழுதியிருக்குன்னு பெரியம்மாவே ஒரு வரி படிச்சுக் காட்டினாங்க. "இங்கே எல்லாரும் மூணு வேளையும் மீன் சாப்பிடுகிறார்கள், நான் நலம்." குண்டு ஏத்தின லாரி ஓட்டிக்கிட்டு இருந்த மனுஷன் எழுதின லெட்டர்!

அப்புறம் வேலை சுலபம்னு சொல்ல மாட்டேன், ஆனா வழி தெரிஞ்சது. அந்த யூனிட் எந்த ரெக்கார்ட் ஆபீஸ் கீழே வருதுன்னு பட்டாளத்துல இருந்து வந்த ஒரு நண்பர் கண்டுபிடிச்சுக் குடுத்தார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வச்சு மனு போட்டேன். 1971-72ல அந்த யூனிட் போட்ட பார்ட் டூ ஆர்டர்கள்ல, இந்த நம்பர் உள்ள ஆளுக்குப் பூர்வி ஸ்டார் வந்திருக்கான்னு மட்டும் கேட்டேன். இந்தச் சட்டம் 2005ல வந்தது. அதுக்கு முன்னாடின்னா நான் என்ன பண்ணியிருப்பேன்னு தெரியலை. 30 நாள்ல பதில் வரலை. மேல்முறையீடு போட்டேன். வந்தது.

ஒரே ஒரு ஜெராக்ஸ் தாள். டைப்ரைட்டர் எழுத்து. பெரியப்பாவோட நம்பர், பேர், அட்டாச்டு, பூர்வி ஸ்டார். 1972லயே குடுத்தாச்சு! காகிதம் மட்டும் ஒரு ஆபீஸ்ல இருந்து இன்னொரு ஆபீசுக்கு 50 வருஷமா போய்ச் சேரலை.

அதை வச்சு அவரோட ஆபீசுக்கு எழுதினா, ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக்கை ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பச் சொன்னாங்க. பெரியப்பா ஒத்துக்கலை. "அது வழியில தொலைஞ்சா நான் பட்டாளத்துலயே இல்லைன்னு ஆயிடும்டா." அவர் பயம் நியாயம்தானே? ஏற்கெனவே ஒரு காகிதம் தொலைஞ்ச கதை இது. 2023ல ரெண்டு பேரும் ரயிலேறி நேர்லயே போனோம். துணிப்பையை ராத்திரி முழுக்க தலைக்கு அடியிலயே வச்சிருந்தார்.

அங்கே ஒரு ஹவில்தார் கிளார்க், சின்னப் பையன், என் வயசுல பாதி இருக்கும். "உக்காருங்க உஸ்தாத்"னு நாற்காலி போட்டான். ஃபைலைப் பார்த்தான், புக்கைப் பார்த்தான், உள்ளே போய் வந்தான். சாயந்திரம் மூணு மணிக்கு, மெடல் பக்கத்துல ஒரு வரி கையால எழுதி, சீல் வச்சு, ஆபீசர் கையெழுத்தோட குடுத்தான். மெடல் அசல் வர நாளாகும், ஸ்டாக் இல்லை, வேணும்னா கடையில நகல் வாங்கிக்கலாம்னான். பெரியப்பா, "புக்குல இருந்தா போதும் தம்பி"ன்னார்.

கதை இங்கே முடிஞ்சிருந்தா நானும் சந்தோஷமா ஒரு ஸ்மைலி போட்டு முடிச்சிருப்பேன்.

திரும்பி வர்ற ரயில்ல பெரியப்பா அந்த ஜெராக்ஸ் தாளை எடுத்துப் பார்த்துக்கிட்டே இருந்தார். அவர் பேர் இருக்கிற வரி மட்டும்தான் அதுல தெரியும். மேலேயும் கீழேயும் வெள்ளைத் தாள் வச்சு மறைச்சு காப்பி எடுத்திருந்தாங்க. அடுத்தவங்க விவரம் தரக்கூடாதுன்னு விதி. பெரியப்பா தன் பேருக்குக் கீழே இருந்த வெள்ளை இடத்துல விரலை வச்சார்.

"இங்கதான்டா அவன் பேர் இருக்கும்."

அட்டாச் ஆன ரெண்டு பேர்ல இன்னொருத்தர். திருவண்ணாமலைப் பக்கம். ஒரே நாள்ல சேர்ந்தவங்க, அடுத்தடுத்த நம்பர். 1973லயே வீட்டு நிலைமை சரியில்லைன்னு தானே கேட்டு வெளியே வந்துட்டார். அதனால பென்ஷன் இல்லை. 2004ல இறந்துட்டார். பென்ஷன் இல்லாம போனவங்களோட சர்வீஸ் ஆவணங்களை 25 வருஷத்துக்கு அப்புறம் அழிச்சிடலாம்னு விதி. பேர், நம்பர் மாதிரி நாலு விவரத்தோட 'லாங் ரோல்' மட்டும்தான் மிஞ்சும். அவரோட ஃபைல் 1998லயே போயிருக்கும்.

ஆனா அந்தப் பார்ட் டூ ஆர்டர் இருக்கு. அது அழியலை. அந்த வெள்ளைத் தாளுக்கு அடியில அவர் பேர் இருக்கு.

போன மாசம் பெரியப்பாவை கூட்டிட்டு அவங்க வீட்டுக்குப் போனேன். அவர் சம்சாரம் இருக்காங்க, கண் சரியாத் தெரியலை. மனுவுல அவங்க கைநாட்டு வாங்கிக்கிட்டோம். "இதுக்கு ஏதாவது பணம் வருமாப்பா?"ன்னு கேட்டாங்க. வராதும்மான்னு சொல்ல வேண்டி இருந்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "அவர் சண்டைக்குப் போனேன்னு சொன்னப்ப எங்க மாமியார் நம்பவே இல்லை. குடிச்சிட்டு உளர்றான்னு சொல்லும். எழுதிக் குடுப்பாங்களா?"ன்னாங்க.

மனு போட்டிருக்கு. பதில் இன்னும் வரலை.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டு பக்கம் போனா நின்னு பாருங்க. முதல் உலகப் போருக்கு இங்கே இருந்து எத்தனை பேர் போனாங்க, எத்தனை பேர் செத்தாங்கன்னு கல்லுல இருக்கும். எண்ணிக்கை மட்டும்தான், ஒரு பேர்கூட இல்லை. நூறு தடவை அதைக் கடந்து போயிருக்கேன், இப்பத்தான் அது உறைச்சது.

டிஸ்கி: உங்க வீட்டுல அப்பா, தாத்தா, மாமா யாராவது பட்டாளத்துல இருந்திருந்தா, டிஸ்சார்ஜ் புக்கை எடுத்து மெடல் பக்கத்தை ஒரு தடவை பாருங்க. அவர் சொல்ற கதையும் அந்தப் பக்கமும் ஒத்துப் போகுதான்னு பாருங்க. பழைய லெட்டர்களைத் தூக்கிப் போடாதீங்க, அட்டையைக்கூட. அவர் இருக்கும்போதே கேளுங்க.