என்ன நெகடிவ், தம்பி?

அப்பா விட்டுப்போன தகரப் பெட்டி நிறைய நெகடிவ்கள். கடலூர் முதுநகர் வீட்டுக் குளியலறையை டார்க் ரூமாக்கி, அவற்றை என் கையாலேயே பிரிண்ட் போட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மஞ்சக்குப்பத்தில் ஒருவர் பழைய என்லார்ஜர் விற்பதாகத் தெரிந்தது. பணம் கொடுக்குமுன் விவரம் கேட்டுக்கொள்ளலாமென்று சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். கீழ வீதிக்கு அருகே, 35 வருடம் ஸ்டூடியோ இருட்டறையில் நின்று ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார்.

நான் கம்பெனிப் பெயரிலிருந்து ஆரம்பித்தேன். "அது கிடக்கட்டும். என்ன நெகடிவ், தம்பி?" என்றார். பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது 120 ஃபிலிம். 6க்கு 6 சென்டிமீட்டர். நீங்க பாத்த மிஷின் 35 எம்.எம்.முக்கு மட்டும்னா இது கேரியர்லயே உக்காராது."

35 எம்.எம். நெகடிவுக்கு 50 எம்.எம். லென்ஸ் போதும். 6க்கு 6 என்றால் 75 அல்லது 80 வேண்டும். சின்ன லென்ஸைப் போட்டால் மூலைகளுக்கு ஒளி போய்ச் சேராது. பேப்பரில் அங்கே வெளிறிப்போகும். பெரிய மிஷினில் கேரியரையும் லென்ஸையும் மாற்றிச் சின்ன நெகடிவைப் போடலாம். சின்னதில் பெரியது நுழையாது.

பழைய வேட்டியால் மூடியிருந்த தன் என்லார்ஜரைத் திறந்தார். தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொன்னார்; அசையவில்லை. லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். சிலந்தி நூல்போல ஓடும் பூஞ்சை இல்லை. உப்புக்காற்று அடிக்கும் எங்கள் ஊரில் முதலில் பார்க்க வேண்டியவை இந்த இரண்டும்தான். கருத்துப்போன ஃபிலிம் துண்டொன்றில் ஊசியால் சதுரம் கீறி வைத்திருந்தார். அதைக் கேரியரில் வைத்து பல்பைப் போட்டதும் பலகையில் சதுரம் விழுந்தது. ஸ்கேலால் நாலு பக்கமும் அளந்தார். சமமாக இருந்தால் லென்ஸும் பலகையும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றன என்று அர்த்தம். ஒரு பக்கம் நீண்டால் தலை சாய்ந்திருக்கிறது.

"வோல்டேஜ் இறங்குனா பல்பு மஞ்சளாயிடும். பத்து எண்ற எடத்துல பதினஞ்சு எண்ணுவோம். நீங்க ஸ்டெபிலைசர் போட்டுக்குங்க" என்றார்.

பேசும்போது அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழுப்பேறிய நகங்கள், கணுக்களில் தோல் வெடித்து ஆறிய தழும்புகள். டெவலப்பரில் கலக்கும் மெட்டால் சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. இடுக்கி இருந்தும், திருமண சீசன் அவசரத்தில் விரலாலேயே பேப்பரைப் புரட்டியிருக்கிறார். கையுறை வாங்கித் தர எந்த முதலாளிக்கும் தோன்றவில்லை. சுவர்களில் நாம் மாட்டி வைத்த கறுப்பு வெள்ளைப் படங்களுக்குப் பின்னால் இப்படிப்பட்ட கைகள் இருந்தன. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அன்று அவர் போட்டதெல்லாம் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' பேப்பர். 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலை இன்று இல்லை. இப்போது இல்ஃபோர்டு, ஃபோமா என்று வெளிநாட்டுப் பேப்பர்தான். விலை கடிக்கிறது. அதனால் முழுத்தாளை எடுக்காமல், விரலகலத் துண்டில் நேரம் பார்த்துக்கொள்ள வேண்டும். கடலூர் மே மாதத்தில் டெவலப்பரை 20 டிகிரியில் நிறுத்த, தட்டுக்கு அடியில் ஐஸ் தண்ணீர் வேண்டும்.

மஞ்சக்குப்பத்து மிஷினை நான் வாங்கவில்லை. 120க்கான கேரியரோடு ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊர் ஸ்டூடியோவில் பழைய என்லார்ஜரை இரும்புக்கடைக்குப் போடப்போகிறார்கள் என்றால், லென்ஸையும் கேரியரையும் மட்டுமாவது கழற்றி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.