இரண்டு பக்கமும் ஒரே வாத்தியார்

புதுச்சேரி இந்திரா காந்தி சிலையிலிருந்து விழுப்புரம் சாலையில் மேற்கே போனால், மூலகுளத்துக்கு முன்னால் வருகிறது ரெட்டியார்பாளையம். மஞ்சள் சுவர், பிரெஞ்சுத் தெருப்பெயர், கடல்காற்று என்று சுற்றுலாக்காரர்கள் தேடி வரும் எதுவும் இங்கே கிடையாது. வில்லியனூர் பஸ், மெடிக்கல் ஷாப், டீக்கடை, டியூஷன் சென்டர்... அவ்வளவுதான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு இந்தச் சாலையில் ஸ்கூட்டர்களின் பின்சீட்டில் போகும் பிள்ளைகள் பெரும்பாலும் டியூஷனுக்குத்தான் போகிறார்கள். எப்போதாவது ஒரு பிள்ளையின் மடியில் புத்தகப் பைக்குப் பதிலாக ஆரஞ்சு நிறப் பந்து இருக்கும். அந்த வீட்டில் அன்றைக்கு ஒரு சின்னச் சண்டை நடந்து முடிந்திருக்கும். "பந்து தட்டினா மார்க் வருமாடா?" என்று அம்மா கேட்டிருப்பார். "பி.டி. சார் வரச் சொன்னாரும்மா" என்பதுதான் பிள்ளையின் ஒரே பதில்.

அந்த பி.டி. சார் யார், அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று தேடிக்கொண்டே போனால், பாதை பெரும்பாலும் சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி, சென்னை நந்தனத்தில் போய் நிற்கும்.

ஜனவரியில் புத்தகக் காட்சிக்குப் போனவர்களுக்கு அந்த இடம் தெரியும். கையில் பையும் காலில் தூசியுமாகத் திரும்பும் ஒய்.எம்.சி.ஏ. மைதானம்தான். ஆனால், ஸ்டால்களைத் தாண்டி உள்ளே, அடையாற்றங்கரை வரை நீளும் அந்த வளாகம் ஓர் உடற்கல்விக் கல்லூரி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். 1920-ல் இதைத் தொடங்கியவர் ஹாரி குரோ பக் என்கிற அமெரிக்கர். முதலில் எஸ்பிளனேடு பக்கம் இருந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில்தான் வகுப்புகள் நடந்தன. நந்தனத்துக்கு வந்தது பிறகுதான்.

கூடைப்பந்தும் ஒய்.எம்.சி.ஏ. வீட்டுப் பிள்ளைதான். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிரால் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காக ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் பீச் பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டினார். கூடைக்கு அடியில் ஓட்டை இல்லை. பந்து விழுந்தால் ஒருவர் ஏறித்தான் எடுக்க வேண்டும்! அந்த விளையாட்டு கடல் தாண்டி இந்தியா வந்தது இந்தச் சங்கத்தின் ஆட்கள் வழியாகத்தான்.

பக் 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப்போனவர். அப்போது ரெட்டியார்பாளையம் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது என்பது ஒரு வேடிக்கை. பாரிஸ் இந்த ஊருக்குத் தலைநகரம், அங்கே ஓடப்போன இந்திய அணி பக்கத்து நாட்டு அணி! ஒலிம்பிக் பெருமையை மட்டும் வைத்துக்கொண்டு பக் காலம் தள்ளியிருக்கலாம். அவர் வாத்தியார்களை உருவாக்கும் வேலையைத்தான் 1943-ல் இறக்கும் வரை செய்தார். கோப்பை வென்ற பயிற்சியாளரை அடுத்த சீசனில் மறந்துவிடுவார்கள். நூறு வாத்தியார்களை உருவாக்கியவரை மறந்தாலும், விசில் சத்தம் நிற்பதில்லை.

கல்லூரிப் போட்டிகளில் இது நன்றாகத் தெரியும். 1985-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் வருவதற்கு முன்பு, தாகூர் கலைக் கல்லூரி மாதிரியான உள்ளூர்க் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகும் புதுச்சேரிப் பையன் சென்னை ஜெர்சியைத்தான் போட வேண்டும். காலாப்பட்டில் தனிப் பல்கலைக்கழகம் வந்ததும், அண்ணன் தம்பி பாகம் பிரித்த கதையாகிவிட்டது. இன்றைக்கு இரண்டும் தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிகளில் எதிரணிகள். அங்கே முன்னுக்கு வந்தால்தான் அகில இந்தியப் போட்டி. ஒரு ஃப்ரீ த்ரோ தவறினால் ஒரு வருட உழைப்பு போச்சு.

ஆட்டத்தின்போது கோட்டுக்கு வெளியே நிற்பவர்களையும் ஒருமுறை பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் ஒரு பயிற்சியாளர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் விசிலோடு நடுவர். மூவரில் யாராவது ஒருவர் நந்தனத்தில் படித்தவராகவோ, அங்கே படித்தவரிடம் கற்றவராகவோ இருப்பது இந்த வட்டாரத்தில் சாதாரணம். எந்த அணி தோற்றாலும் பக் தோற்பதில்லை.

இப்போது உடற்கல்வி படிக்க சிதம்பரம், காலாப்பட்டு என்று வேறு இடங்களும் உண்டு. ஆனால், பள்ளிகளில் பி.டி. பீரியடின் நிலைமைதான் பரிதாபம். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் கணக்கு டீச்சர் சிரித்துக்கொண்டே வந்து அதைக் கடன் வாங்கிப் போவார். திருப்பித் தந்ததாக வரலாறு இல்லை. மிச்சமிருப்பது பள்ளி விட்ட பிறகான அந்த ஒரு மணி நேரம்தான்.

ரெட்டியார்பாளையத்தில் இருட்டத் தொடங்கும்போது ஆட்டம் முடிகிறது. ஸ்கூட்டரில் காத்திருக்கும் அம்மா ஹார்ன் அடிக்கிறார். "கடைசி ஒண்ணும்மா" என்று கத்திவிட்டுப் பிள்ளை மறுபடியும் கோட்டின் மேல் போய் நிற்கிறது. முழங்கை உள்ளே இருக்கட்டும் என்கிறார் சார். பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுகிறது. "இன்னும் ஒண்ணு" என்கிறார் அவர். அம்மா வண்டியை ஆஃப் செய்கிறார்.