கடைசி நாலு விரற்கடை

சைக்கிள் டயரை ரிம்மில் ஏற்றுவதில் முக்கால்வாசி ஒரு வேலையே இல்லை. ஒரு பக்க ஓரம் தானாக விழும். டியூப்பைச் செருகி, மறுபக்க ஓரத்தையும் விரலாலேயே தள்ளிக்கொண்டு போய்விடலாம். பிறகு அந்தக் கடைசி நாலு விரற்கடை வரும். டயர் அங்கே பிடிவாதமாக நின்றுவிடும். கட்டைவிரல் சிவக்கும், நகக்கண் வலிக்கும், பக்கத்தில் கிடக்கும் திருப்புளியை எடுக்கக் கை பரபரக்கும். எத்தனையோ நல்ல டியூப்களுக்கு ஆயுசு முடிவது அந்த இடத்தில்தான். திருப்புளி முனை டியூப்பை ரிம்மோடு சேர்த்துக் கடித்துவிடும். சக்கரத்தை மாட்டி, செயினை ஏற்றி, நட்டை முடுக்கி, காற்றடித்து நிமிரும்போதுதான் 'உஸ்' என்று சத்தம் வரும்.

அந்த இறுக்கத்தைப் பலத்தால் வெல்ல முடியாது. டயரின் இரண்டு ஓரங்களுக்குள்ளும் எஃகுக் கம்பி வளையம் ஓடுகிறது. மடித்து வைக்கக்கூடிய விலை கூடிய டயர்களில் கம்பிக்குப் பதிலாக அராமிட் இழை. இரண்டும் நீளாது. நீண்டுகொடுத்தால் காற்றழுத்தத்தில் டயர் ரிம்மை விட்டே தெறித்துவிடும். இப்போதைய கியர் சைக்கிள்களில் பரவலாக இருக்கும் 700சி சக்கரத்தில், டயரின் ஓரம் உட்காரும் இடத்தின் விட்டம் 622 மி.மீ. அதற்கு வெளியே ரிம்மின் விளிம்பு ஐந்தாறு மி.மீ. உயரமாக நிற்கிறது. இரு பக்கமும் கூட்டினால் விட்டம் சுமார் 633. அதாவது 622 அளவுள்ள நீளாத வளையம், 633 அளவுள்ள சுருங்காத உலோகத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டும்.

திருவிழாக் கடையில் வளையல் போடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி வளையல் விரியாது என்று அவருக்குத் தெரியும். அதனால் வளையலோடு மல்லுக்கு நிற்க மாட்டார். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கையை ஒடுக்கி, வளையலைச் சற்றே சரித்து ஏற்றிவிடுவார். ரிம்மிலும் அப்படி ஒடுங்கித் தரும் இடம் ஒன்று உண்டு. டயர் கழற்றிய ரிம்மைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரு ஓரத்திலும் கம்பி உட்காரும் மேடை, நடுவே சுற்றிலும் ஒரு பள்ளம். மேடையில் உட்கார வேண்டிய கம்பியைக் கொஞ்ச நேரம் பள்ளத்தில் இறக்கிவைத்தால், அங்கே சுற்றளவு குறைகிறது. மிச்சமாகும் நீளம் எதிர்ப்பக்கத்துக்கு வந்து சேர்கிறது. பள்ளம் மேடையைவிட வெறும் 3 மி.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் முக்கால் சுற்றுக் கம்பி அதில் இறங்கியிருந்தால் 14 மி.மீ. நீளம் கையில் கிடைக்கும். அந்த ஒன்றரைச் சென்டிமீட்டர் தொய்வுதான் கட்டைவிரலுக்குத் தேவை. இறுக்கம் தெரிகிற இடம் ஒன்று, அதைத் தளர்த்துகிற இடம் அதற்கு நேர் எதிரே. டயர் ஏற்றுவதில் நான் அறிந்த வித்தை இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்குத் துணை.

இந்தப் பள்ளத்துக்கு வயது நூற்று முப்பதுக்கும் மேல். 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றபோது, டயரை ரிம்மோடு ஒட்டித்தான் வைத்தார்கள். பஞ்சர் ஆனால் பிரிக்கவும் மறுபடி ஒட்டிக் காயவைக்கவும் மணிக்கணக்காகும். 1890-ல் இங்கிலாந்தில் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்பவர் நீளாத கம்பியையும் நடுப்பள்ளத்தையும் ஜோடி சேர்த்துக் காப்புரிமை வாங்கினார். அடுத்த ஆண்டே மிஷெலின் சகோதரர்கள் தங்களுடைய கழற்றி மாட்டும் டயரோடு வந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஷார்ல் தெரோன் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தை வென்றார். மிஷெலின் பெயர் ஊருலகம் அறியும். வெல்ச் பெயரைச் சொன்னால் சைக்கிள்காரர்களுக்கே தெரியாது. எனக்கு இது மனத்தாங்கல்தான். ஒவ்வொரு பஞ்சர் கடையிலும் தினம் நடப்பது அவருடைய யோசனை.

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் சாலையில் ஒரு சைக்கிள் கடை. கடைக்கார அண்ணன் டயர் ஏற்றுவதை நின்று பார்ப்பது எனக்குப் பிடிக்கும். வேகமான ஆள் இல்லை, ஆனால் எதையும் இரண்டு முறை செய்யமாட்டார். டியூப்பில் முதலில் கொஞ்சமாகக் காற்று விடுவார், உருண்டை வடிவம் வருகிற அளவுக்கு மட்டும். அப்போதுதான் அது முறுக்கிக்கொள்ளாமல் டயருக்குள் படுக்கும். பலர் வால்வு இருக்கும் இடத்தில் தொடங்கி எதிர்ப்பக்கம் முடிப்பார்கள். அவர் எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வில் வந்து முடிப்பார். வால்வு இருக்கும் இடத்தில் டியூப்பின் தடித்த அடிப்பாகம் பள்ளத்தை அடைத்துக்கொண்டிருக்கும், கம்பி அங்கே இறங்க வழியில்லை. இறங்க முடியாத இடத்தைக் கடைசிக்கு வைத்துவிட்டால், மற்ற இடமெல்லாம் இறங்கித் தொய்வு கொடுக்கும்.

இறுகிப்போகும் நேரத்தில் அவர் டயரை அமுக்குவதை நிறுத்திவிடுவார். இருந்த காற்றையும் திறந்துவிடுவார். டியூப் உப்பியிருந்தால் கம்பியைப் பள்ளத்திலிருந்து மேலே தள்ளும். சக்கரத்தை நிமிர்த்தி வைத்து, உச்சியிலிருந்து இரண்டு கையாலும் டயரின் இரு ஓரங்களையும் நடுவை நோக்கிக் கிள்ளிக் கிள்ளிக் கீழே கொண்டுவருவார். துணி பிழிவதுபோல இல்லை, மெதுவாக, ஒவ்வொரு சாணாக. ஏறிய ஓரம் மறுபடி நழுவி வெளியே வராமலிருக்க, பழைய டியூப்பிலிருந்து வெட்டிய நாடாவால் டயரையும் ரிம்மையும் சேர்த்து ஓரிடத்தில் கட்டிவிடுவார். கடைசி இடத்தில் இரண்டு சொட்டு சோப்புத் தண்ணீர். எண்ணெய் தொடவே மாட்டார், ரப்பருக்கு அது ஆகாது. பிறகு உள்ளங்கையின் அடிமேட்டை வைத்து, தன்னிடமிருந்து வெளிப்பக்கமாக ஓர் உருட்டு. ஓரம் 'டப்' என்று உள்ளே போகும். உடனே வால்வின் நட்டைத் தளர்த்தி, தண்டை ஒருமுறை உள்ளே அமுக்கி இழுப்பார். கம்பிக்கு அடியில் டியூப் மாட்டியிருந்தால் அதில் விடுபட்டுவிடும்.

ஒருநாள் ஒரு கல்லூரிப் பையன் கியர் சைக்கிள் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணே, டயர் அளவு தப்பாக் குடுத்துட்டாங்க போல. ஏறவே மாட்டேங்குது." அண்ணன் டயரைப் பார்க்கவில்லை. சக்கரத்தை வாங்கி ரிம்மின் உட்புறத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். "டயர் சரிதான் தம்பி. உள்ள என்ன போட்டு வச்சிருக்க?" போக்ஸ் கம்பிகளின் நிப்பிள் டியூப்பைக் குத்தாமலிருக்க ரிம்மில் ஒரு டேப் ஒட்டியிருக்க வேண்டும். யாரோ அதற்குப் பதிலாக ஸ்கூட்டர் டியூப்பைப் பட்டையாக வெட்டிப் போட்டிருந்தார்கள். பட்டை ஒன்றரை மி.மீ. தடிமன் என்றாலே 3 மி.மீ. பள்ளத்தில் பாதி போய்விட்டது. அதோடு 14 மி.மீ. தொய்வு ஏழாகிவிட்டது. அண்ணனுக்கு இந்தக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, விரலுக்குத் தெரிந்திருக்கிறது. பட்டையை உருவி எடுத்துவிட்டு மெல்லிய டேப் ஒட்டினார். லீவர் இல்லாமல் டயர் ஏறியது.

அளவு உண்மையாகவே மாறிப்போவதும் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் மல்லுக்கட்டுவது வீண். கடையில் '28 டயர்' என்று கேட்டால் போதாது. நம் அப்பாமார்கள் ஓட்டிய கறுப்புச் சைக்கிளின் 28×1½ டயருக்கு உட்காரும் விட்டம் 635 மி.மீ.; அதே 28 என்ற பெயரிலேயே 622-ம் விற்கிறது. வித்தியாசம் 13 மி.மீ. 635 ரிம்மில் 622 டயரை எந்தப் பயில்வானாலும் ஏற்ற முடியாது. 26 இன்னும் குழப்பம்: 26×1⅜ என்றால் 590, 26×1½ என்றால் 584, மலைச் சைக்கிள் பாணி 26×1.75 என்றால் 559. டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 40-635, 37-590 என்று அச்சிட்டிருப்பார்கள். முன்னது அகலம், பின்னது இந்த விட்டம். வாங்கும்போது பின்னதைத்தான் பார்க்க வேண்டும்.

டயர் ஏற்றும் இந்த வித்தையைப் பெண்பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும் என்பது என் எண்ணம். 1990-களின் தொடக்கத்தில் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு பெண்கள் சைக்கிளில் போனது எங்கள் ஊர்ச் சாலைகளையே மாற்றியது. இன்று அவர்களுடைய பேத்திகள் பிளஸ் ஒன் சேர்ந்ததும் அரசு தரும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆனால் வழியில் காற்றிறங்கினால் கடை வரைக்கும் தள்ளிக்கொண்டுதான் வருகிறார்கள், டயர் ஏற்றுவது கைப்பலம் உள்ளவர்களின் வேலை என்று யாரோ சொல்லிவைத்திருப்பதால். என் சொந்த அண்ணன் மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது, "எதிர்ப்பக்கத்தைப் பள்ளத்துக்குள்ள தள்ளுடா" என்று மட்டும்தான் சொன்னேன். அவள் விரல்கள் மெலிசு. தள்ளினாள், உருட்டினாள், ஏறிவிட்டது. "இவ்வளவுதானா சித்தப்பா?" என்றாள்.

இவ்வளவுதான், ஒன்றைத் தவிர. டயர் ஏறியதும் முழுக் காற்றையும் அடித்துவிடக் கூடாது. கொஞ்சம் அடித்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, டயரின் ஓரத்தை ஒட்டி வளைய ஓடும் மெல்லிய வரியைப் பார்க்க வேண்டும். அது ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். எங்காவது அமுங்கியிருந்தால் கம்பி இன்னும் பள்ளத்திலேயே கிடக்கிறது. எங்காவது எழும்பியிருந்தால் டியூப் கம்பிக்கு அடியில் மாட்டியிருக்கிறது; அந்த நிலையில் அழுத்தம் ஏற்றினால் டியூப் வெடிக்கும். இரண்டுக்கும் காற்றைத் திறந்துவிட்டு, அந்த இடத்தைக் கையால் ஆட்டிச் சரிசெய்து, மறுபடி கொஞ்சம் அடித்துப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் வரி ஒரே சீராக வந்த பிறகு மீதிக் காற்றை அடிக்கலாம்.