நூற்றில் பதினொரு பேர்

தம்பி, பல் தீட்டேக்க முரசிலை இரத்தம் வாறது எல்லாருக்கும் உள்ளதுதானே என்றாய். உள்ளதுதான். அதற்குப் பிறகு நடப்பது ஆளுக்கு ஆள் வேறு. அதை உலகத்துக்குக் காட்டியவர்கள் எங்கள் இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளர்கள்.

நோர்வேயைச் சேர்ந்த பல் ஆய்வாளர் ஹரால்ட் லோவின் குழு, 1970இல் தொடங்கி இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ் ஆண்களின் வாயைப் பதினைந்து வருடம் பார்த்துவந்தது. பிறஷ் பழக்கமில்லை, பல் வைத்தியம் கிடைத்ததில்லை. பலருக்குக் குடியுரிமையே இல்லாத காலம் அது. எல்லார் பல்லிலும் அழுக்குப் படலம், எல்லாருக்கும் முரசு வீக்கம். ஆனால் நூற்றில் 8 பேருக்குப் பல்லின் பிடிமானம் மளமளவென்று போய், 45 வயதில் வாயில் பல்லே இல்லை. 81 பேருக்கு மெல்ல மெல்லப் போனது. 11 பேருக்கு வீக்கத்தோடு நின்றுவிட்டது. இதைப் பற்றி 1986இல் வந்த கட்டுரையை இன்றைக்கும் பல் வைத்திய மாணவர்கள் படிக்கிறார்கள்.

இது ஒரு கிருமியின் வேலையில்லை. தீட்டிய பல்லில் முதலில் குடியேறுவது ஸ்ட்ரெப்டோகொக்கஸ். பிறகு வரும் பியூசோபக்டீரியம், முன்னே வந்தவர்களையும் பின்னே வருபவர்களையும் இணைத்துப் பிடிக்கும். காற்றுப் புகாத ஆழத்தில் கடைசியாக பொர்பிரோமொனாஸ் ஜிஞ்சிவாலிஸ். தொகை கொஞ்சம்தான், ஆனால் உடம்பின் காவலைக் குழப்பி, சும்மா இருந்த கிருமிகளையும் கெடுத்துவிடும். வீங்கிய முரசில் கசிவது அவற்றுக்குச் சாப்பாடு. எலும்பு கரைவதோ பெரும்பாலும் அவற்றோடு மல்லுக்கட்டும் எங்கள் உடம்பாலேயே. ஒருவருக்கு 8இல் இடம், இன்னொருவருக்கு 11இல் இடம் என்று ஆவதில் உடம்பின் இந்த மல்லுக்கட்டலுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தக் கிருமிகள் சேர்ந்து ஒட்டிக்கிடக்கும் படலத்துக்குள் மருந்துத் தண்ணீர் சரியாக இறங்காது, உரசித்தான் எடுக்கவேண்டும்.

'விழுந்தால் இம்பிளான்ட் போடலாம்' என்றும் சொன்னாய். சொந்தப் பல்லை எலும்போடு நார்கள் பிணைத்திருக்கின்றன. டைட்டேனிய இம்பிளான்டுக்கு அந்த நார்கள் இல்லை, சுற்றியுள்ள முரசின் பிடியும் தளர்வு. கிருமிக்கூட்டம் அங்கே இறங்கினால் எலும்பு இன்னும் வேகமாகப் போகும், வலிகூடத் தெரியாமல். முரசு நோயால் பல்லை இழந்தவருக்கே இந்த ஆபத்து கூட. மிச்சப் பற்களில் இருக்கும் அதே கூட்டம்தானே புதிதிலும் ஏறுகிறது. சிகரெட்டும் சலரோகமும் சேர்ந்தால் கேட்கவேண்டாம்.

பென்ஷன் காட் உள்ள எனக்கு, இங்கே சிட்னியில் டூங்கபியிலிருந்து மூன்றாவது ஸ்டேஷனான வெஸ்ட்மீட்டில் அரசாங்கப் பல் வைத்தியம் உண்டு. உழைக்கிற உனக்கு இல்லை. மெடிக்கெயாரும் பெரியவர்களின் பல்லுக்குப் பொதுவாகக் காசு தராது. அநியாயம்தான். ஆனாலும் இப்போது போனால் சுத்தம் செய்யும் செலவோடு முடியலாம். வெறும் வீக்கம் என்றால் திரும்ப மாறும். 1965இல் வெளிவந்த ஆய்வில் இதே லோ, 12 பேரைப் பல் தீட்டாமல் இருக்கச் செய்தார். மூன்று கிழமைக்குள் எல்லாருக்கும் முரசு வீங்கியது. திரும்பத் தீட்டத் தொடங்க, ஒரு கிழமையளவில் வற்றியது. இரத்தம் வருகிற இடத்தைத் தொடப் பயந்து விட்டுவிடாதே, அங்கேதான் மெதுவாகத் தீட்டவேண்டும். போகும்போது, முரசுக்கும் பல்லுக்கும் இடையிலான பள்ளத்தை அளக்கச் சொல்லு. எங்காவது நாலு மில்லிமீட்டரோ கூடவோ இருந்தால் எனக்கும் சொல்லு.