பின்கோடு பார்த்துக் கழித்தேன்

ஒரகடம் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்தேன். விண்ணப்பக் கட்டு வந்ததும் மதிப்பெண்ணைப் பார்க்கமாட்டேன். ஆதார் ஜெராக்ஸில் பின்கோடைப் பார்ப்பேன். சுற்றுவட்டார ஊர் என்றால் தனியே எடுத்துவைத்து, 'தகுதி போதவில்லை' என்று எழுதிவிடுவேன். அது பொய். லைனில் நின்று ஒயரில் கனெக்டர் பொருத்தும் வேலை பத்து நாளில் எவருக்கும் கைவந்துவிடும். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் அந்த ஊர்களில் நிறையவே இருந்தார்கள்.

உள்ளூர் ஆள் வேண்டாம் என்பது எங்கும் எழுதிவைக்காத விதி. உள்ளூர்க்காரனுக்குப் பின்னால் ஊர் இருக்கிறது. ஒருவனை வேலையிலிருந்து நிறுத்தினால் சாயங்காலம் கேட்டில் கூட்டம் நிற்கும். நாளைக்குச் சங்கம் வைப்பான். தென்மாவட்டத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கும் பெண் யாரிடம் போய் முறையிடுவாள்? இந்தக் கணக்கை யாரும் என்னை வற்புறுத்திச் செய்யச் சொல்லவில்லை. மேலிடத்தின் மனதறிந்து நானாகவே செய்தேன். பதவி உயர்வும் வாங்கினேன்.

நிலம் எடுத்தபோது வீட்டுக்கு ஒரு வேலை என்று அந்த ஊர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதை ஹவுஸ்கீப்பிங், தோட்டம், கேன்டீன், செக்யூரிட்டி என்று கான்ட்ராக்டர் கணக்கில் நேர்செய்தேன். கழனி வைத்திருந்த பெரியவர், தான் கொடுத்த நிலத்திலேயே புல்தரைக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். 'உள்ளூர் வேலைவாய்ப்பு' எண்ணிக்கையில் அவரையும் சேர்த்து எழுதியது நான்தான்.

வெளியூர்ப் பெண்களுக்கும் நான் நியாயம் செய்யவில்லை. 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-லேயே சட்டம் வந்துவிட்டது. என் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் நாள் கணக்கு ஓடும். 400-ஐத் தாண்டினால் கட்டம் சிவப்பாகும்படி வைத்திருந்தேன். சிவப்பானவர்களுக்கு 'டிரெய்னிங் முடிந்தது' என்று ஒரு சான்றிதழைக் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவேன்.

கிராம சபையில் இன்றைக்கும் 'எத்தனை பேருக்கு வேலை?' என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு என்னைப் போன்றவர்கள் பெரிய எண்ணாகவே சொல்லிவிடுவோம். கம்பெனி ரோலில் எத்தனை பேர், கான்ட்ராக்டர் ரோலில் எத்தனை பேர், 480 நாள் தாண்டியவர் எத்தனை பேர், அவர்களில் நம் ஊர்க்காரர் எத்தனை பேர் என்று கேளுங்கள். நாங்கள் எடுத்தது 18 முதல் 25 வயதுக்குள் இருப்பவர்களைத்தான். நான் கழித்த பிள்ளைகள் அந்த வயதைத் தாண்டிவிட்டார்கள்; அந்த லைனில் அவர்களை இனி எடுக்கமாட்டார்கள்.