பிரிக்கத்தான் பெட்டி

ஜனவரி 11, சனி

கிரைஸ்லர் டர்பைன் கார். 25-இல் ஒரு பங்கு அளவு. டெட்ராய்ட்டில் ஜோ-ஹான் கம்பெனி அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கிட். பழைய மாடல்கள் விற்கும் சந்தையில் வாங்கி வந்து மேசைமேல் வைத்திருக்கிறேன். பெட்டியின் மூலைகள் நைந்துவிட்டன. ஆனால் உள்ளே ஒரு பாகமும் சட்டத்தை விட்டுக் கழன்றிருக்கவில்லை, பசையின் வாடையே படாத கிட்.

தொலைபேசியில் சொன்னதும் நண்பர் பதறினார். "பிரிச்சிடாதீங்க சார். ஒரு துளி பசை பட்டாலும் விலை போயிடும்." மாடல் கார் சேகரிப்பவர்களில் பாதிப் பேர் அவர் கட்சிதான். ஒட்டாத கிட் அலமாரியில் இருந்தால் சொத்து, ஒட்டிவிட்டால் பொம்மை. விலையைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. ஆனாலும் கட்டி முடிக்கவென்று ஒருவர் வரைந்து, இன்னொருவர் எஃகில் அச்சு வெட்டி, மற்றொருவர் செய்முறைத்தாள் எழுதிய பொருளைப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூப்படைய விடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அதிலும் இந்தக் காரை. பிஸ்டன் எஞ்சினுக்குப் பதில் டர்பைனால் ஓடும் கார்களைச் சோதித்துப் பார்க்க, கிரைஸ்லர் மொத்தம் 55 டர்பைன் கார்கள் செய்தது. அவற்றில் 50-ஐப் பொதுமக்களிடமே ஓட்டக் கொடுத்தது. 1963 இறுதியிலிருந்து 1966 தொடக்கம் வரை 203 பேருக்கு ஆளுக்கு மூன்று மாதம். வாடகை கிடையாது, எரிபொருள் மட்டும் அவர்கள் செலவு. கடைக்குப் போனார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டார்கள், மழையில் நிறுத்தினார்கள். சோதனை முடிந்ததும் கம்பெனியே 46 கார்களை அழித்துவிட்டது. ஒன்பதுதான் மிச்சம். ஒன்று டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில், ஒன்று செயின்ட் லூயிஸ் போக்குவரத்து அருங்காட்சியகத்தில், ஒன்று கார் சேகரிப்பாளர் ஜே லெனோவிடம். ஓட்டிப் பார்க்கவென்றே பிறந்த வண்டியின் மாடலைப் பூட்டி வைக்க எனக்கு மனசு வராது.

ஜனவரி 12, ஞாயிறு

வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, பாகங்களைச் சட்டத்தோடு அப்படியே முக்கிக் கழுவினேன். அச்சிலிருந்து பாகம் சுலபமாகக் கழன்று வருவதற்காக ஆலையில் பூசிய எண்ணெய் அத்தனை வருஷம் ஆகியும் போயிருக்காது. அது இருந்தால் பெயின்ட் பிடிக்காது.

பிறகு சேதம் பார்த்தேன். பழைய கிட்டில் முதலில் பார்க்க வேண்டியது டயரைத்தான். டயர் மென்மையான வினைல். அதை இளக்கி வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் ஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். டயர் சாய்ந்து கிடந்த கண்ணாடியில் அதன் பள்ளம் மேடெல்லாம் பொறிந்து போன கிட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தால் கிட் பத்திரம் என்று நம்புகிறவர்கள் இதைச் சிந்திப்பதே இல்லை. மூடிய பெட்டிக்குள்ளும் பொருள் அழிந்துகொண்டுதான் இருக்கிறது. இதில் யாரோ புண்ணியவான் டயர்களைத் தனிப் பையில் போட்டு வைத்திருக்கிறார்.

கண்ணாடி தெளிவு. உடல் கோணவில்லை. சின்னங்கள் அச்சிட்ட டீகால் தாள் மட்டும் பழுப்பேறியிருக்கிறது. அதை வீட்டுச் சன்னல் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டிவிட்டேன். சில வாரம் வெயில் பட்டால் வெளுத்துவிடும்.

ஜனவரி 25, சனி

உடலைச் சுரண்டும் வேலை. அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு எழும்பியிருக்கும். முன் பம்பரின் ஓரத்தில் தொடங்கிக் கூரைத் தூண் வழியாகப் பின்பக்கம் வரை ஓடும். கத்தி அலகின் முதுகால் சுரண்டி, 600, 1000, 2000 என்று ஈர உப்புத்தாள் போட்டேன். குழிந்த இடங்களில் மெல்லிசாகப் பட்டி. கதவு விளிம்புப் பள்ளங்களை ஊசியால் ஆழப்படுத்தினேன், இல்லாவிட்டால் பெயின்ட் அவற்றை நிரப்பிக் கதவே இல்லாத கார் ஆக்கிவிடும்.

சுரண்டச் சுரண்ட ஜோ-ஹானின் நேர்மை கையில் தட்டுப்படுகிறது. 1950, 60-களில் ஏ.எம்.டி., ஜோ-ஹான் போன்ற டெட்ராய்ட் மாடல் கம்பெனிகளுக்கு அடிப்படைத் தொழிலே கார் விற்பனையகங்களுக்கு விளம்பர மாடல் செய்து கொடுப்பதுதான். புதுக் கார் சந்தைக்கு வரும் நாளில் அதன் குட்டிப் பதிப்பு விற்பனையாளர் மேசையில் இருக்க வேண்டும், நிறம் உட்பட. அதற்காகக் கார் கம்பெனிகள் தங்கள் வரைபடங்களை முன்கூட்டியே கொடுத்தன. அதே அச்சுகளிலிருந்துதான் சிறுவர்கள் ஒட்டும் கிட்டுகளும் பிறந்தன. 1958-இல் ஏ.எம்.டி. ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டும் கிட்டைக் கொண்டுவந்தது: ஆலையிலிருந்து வந்தபடி, ஒப்பனை செய்தபடி, பந்தயத்துக்கு. ஆக, இந்தப் பிளாஸ்டிக்கின் வளைவு எங்கோ படம் பார்த்து யாரோ ஊகித்தது அல்ல. ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். நிஜக் காரின் அச்சிடைத் தூரம் 110 அங்குலம், மாடலில் 11.2 செ.மீ. வர வேண்டும். வருகிறது.

அந்தக் காலக் கிட்டுகளில் பல இன்று கிடைக்காமல் போனதற்கும் இந்தத் தொழில்முறையே காரணம். எஃகு அச்சு விலை உயர்ந்தது. 1961 கார் விற்று முடிந்ததும் அதே அச்சின் விளக்குக் குழிகளையும் கிரில்லையும் வெட்டித் திருத்தி 1962 கார் ஆக்கிவிடுவார்கள். பழைய காருக்குத் திரும்ப வழியில்லை. டர்பைன் அந்தக் கதியிலிருந்து தப்பியது. அதற்கு அடுத்த வருஷ மாடல் என்று ஒன்று வரவே இல்லையே, அச்சை எதற்காகத் திருத்துவார்கள்? பின்னாளில் மறுபதிப்புகள் வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

பிப்ரவரி 8, சனி

இன்று முழுக்க எஞ்சின்.

வழக்கமாக ஒரு வி-8 எஞ்சினை நுணுக்கமாக்குவது என்றால் என் கைக்குப் பழகிய பாடம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் 0.3 மி.மீ. துளைகள் போட்டு, எட்டு மெல்லிய கம்பிகளைப் பற்றவைக்கும் வரிசைப்படி எட்டு பிளக்குகளுக்கு இழுக்க வேண்டும். ஷெவர்லேயின் சின்ன வி-8 என்றால் 1-8-4-3-6-5-7-2. ஃபோர்டு 289 என்றால் 1-5-4-2-6-3-7-8. மேலிருந்து பார்க்கிறவருக்கு வரிசை தெரியாதுதான். எனக்குத் தெரிய வேண்டும்.

டர்பைனில் அந்தப் பாடம் செல்லாது. பிஸ்டன் இல்லை, கார்புரேட்டர் இல்லை, எஞ்சினைக் குளிர்விக்க ரேடியேட்டரும் இல்லை. பற்றவைக்க ஒரே ஒரு பிளக். பற்றிய பிறகு தீ தானாகவே எரிந்துகொண்டிருக்கும். எனவே இதில் இழுக்க வேண்டிய கம்பிகள் குறைவு. மாறாக, உலோக நிறங்களைப் பிரித்துக் காட்டுவதில்தான் வேலை. எஞ்சினின் இரு பக்கமும் உருளை உருளையாகத் தெரிபவை வெப்ப மீட்பிகள். வெளியேறும் புகையின் சூட்டைப் பிடித்து, உள்ளே வரும் காற்றுக்குக் கொடுத்தபடி மெதுவாகச் சுழல்பவை. அவை இருந்ததால்தான் புகை பின்பக்கம் வரும்போது பொறுக்கக்கூடிய சூட்டில் இருந்தது. புகைக் குழாய்கள் அலுமினியம் என்பதால் துருவின் பழுப்பை அங்கே பூசக்கூடாது. நான் பார்த்த சில மாடல்களில் வி-8 பழக்கத்தில் பூசியிருந்தார்கள். உடல் வார்ப்புக்கு மங்கிய அலுமினியம், மீட்பியின் மூடிகளுக்கு அதைவிட ஒரு நிழல் கறுப்பு, எரிகலனுக்கு லேசான வைக்கோல் நிறம் என்று ஏர்பிரஷ்ஷில் அடுக்கினேன்.

130 குதிரைத் திறன். முன் டர்பைன் உச்சத்தில் நிமிடத்துக்கு 44,600 சுற்று. டீசலில் ஓடியது, மண்ணெண்ணெயில் ஓடியது, சமையல் எண்ணெயிலும் ஓடியது. ஈயம் கலந்த பெட்ரோல்தான் ஆகாது. அன்று அமெரிக்கப் பெட்ரோல் பங்க்குகளில் பெரும்பாலும் கிடைத்தது அதுதான். மிதித்ததும் ஒரு கணம் தயங்கிப் பிறகே பாயும் என்று ஓட்டியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தயக்கத்தை எந்த மாடலிலும் காட்ட முடியாது. குறைந்தபட்சம் அந்த எஞ்சின் எதனால் ஆனது என்பதையாவது பொய் சொல்லாமல் காட்டலாம்.

பிப்ரவரி 15, சனி

நிறம். பொதுமக்கள் ஓட்டிய ஐம்பது கார்களும் ஒரே நிறம், டர்பைன் பிரான்ஸ். கூரையில் கறுப்பு வினைல்.

நிஜக் காருக்கான டச்-அப் பெயின்டையே வாங்கி அடிக்கலாமே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. அடித்தால் நிறம் பொருந்தும், காட்சி பொருந்தாது. அந்தப் பெயின்டில் கலந்த உலோகத் துகள், 25 மடங்கு சிறிய காரின்மேல் ரவை தூவினாற்போலத் தெரியும். அதனால் மாடல் பெயின்டிலேயே துகள் மிக நுணுக்கமான செம்பு, பொன், பழுப்பு மூன்றையும் கலந்தேன். ஸ்பூன் முதுகில் அடித்து, அருங்காட்சியகக் காரின் படங்களோடு பகலிலும் விளக்கிலும் ஒப்பிட்டேன். படங்களே ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. நிழலில் எடுத்தது காபி, வெயிலில் எடுத்தது பித்தளை. நடுவில் நின்றேன்.

கராஜில் கை விறைக்கும் குளிர். பெயின்ட் புட்டியை வெந்நீரில் நிறுத்தி இளஞ்சூடாக்கிக்கொண்டேன். சாம்பல் பிரைமர், அதன்மேல் பளபளக் கறுப்பு, அதன்மேல் பிரான்ஸ் மூன்று மெல்லிய பூச்சு, கடைசியாகத் தெளிவார்னிஷ். உலோக நிறத்துக்கு அடியில் கறுப்பு இருந்தால்தான் வளைவுகளில் ஆழம் தெரியும். ஏர்பிரஷ்ஷைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக் கூரைக்கு மங்கலான கறுப்பை அடித்தேன். பாதி வழியிலேயே காய்ந்து விழும் துளிகள் சொரசொரப்பைக் கொடுக்கின்றன. வினைலுக்கு அதுவே போதும்.

பிப்ரவரி 22, சனி

மெருகு. 3000-இல் தொடங்கி 12000 வரை ஈர உப்புத்தாள்கள். விளிம்புகளைத் தொடவே இல்லை. அங்கேதான் பெயின்ட் முதலில் பெயரும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

க்ரோம் பாகங்களுக்கு ஒரு முழு ஞாயிறு. கிட்டில் வரும் க்ரோம் என்பது, வெற்றிடக் கலத்தில் அலுமினியத்தை ஆவியாக்கி வார்னிஷ்மேல் படியவிட்ட ஏடு. சட்டத்திலிருந்து வெட்டிய இடத்தில் வெள்ளைப் பொட்டு விழும். அச்சுக் கோடும் அந்தப் பளபளப்பில் இரட்டிப்பாகத் தெரியும். பம்பர்களை ப்ளீச்சில் போட்டேன். அலுமினியம் கரைந்து போயிற்று. அடி வார்னிஷையும் எடுத்து, கோட்டைத் தேய்த்து, கறுப்படித்து, க்ரோம் பெயின்ட் ஊதினேன்.

டர்பைனில் விளக்குகள்தான் முகம். முன் விளக்கைச் சுற்றி விசிறித் தகடுகள். பின்பக்கம் ஜெட் விமானத்தின் வாய் போலத் துருத்தி நிற்கும் இரட்டைக் கூடுகள். ஃபோர்டில் 1961 லிங்கன் கான்டினென்டலை வடிவமைத்துவிட்டுக் கிரைஸ்லருக்கு வந்த எல்வுட் எங்கெலின் காலத்து வடிவம் இது. பக்கவாட்டில் ஒரு ஃபோர்டு தண்டர்பேர்டு தெரிகிறது என்று குறை சொல்வார்கள். பின்பக்கம் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். அந்தத் தகடுகளுக்கு இடையில் நீர்த்த கறுப்பை ஓடவிட்டு, மேட்டை மட்டும் துடைத்தேன். ஒவ்வொரு தகடும் தனியாக எழுந்து நின்றது.

சன்னல் விளிம்புகளுக்கு பேர்-மெட்டல் ஃபாயில். துண்டு வெட்டி, படியவைத்து, பல்குச்சியால் அழுத்தித் தேய்த்து, புது அலகால் ஓரம் வெட்ட வேண்டும். அலகு மழுங்கியிருந்தால் ஃபாயில் கிழியும், அழுத்தினால் பெயின்டும் வெட்டுப்படும். பெயின்ட் தூரிகையால் இந்தக் கோட்டை இழுத்துவிடலாம் என்பவர்களோடு எனக்கு வாதமே இல்லை. அவர்கள் வெயிலில் வைத்துப் பார்க்கட்டும்.

மார்ச் 1, சனி

உள்ளே நான்கு தனி இருக்கைகள், நடுவே முன்னிருந்து பின்வரை ஓடும் உருளை. இருக்கைகளுக்குத் தோல் நிறத்தில் அரைப் பளபளப்பு, உருளைக்கு அலுமினியம். தரைக்குப் பசை தடவி நுண்ணிய பொடி தூவினேன், கம்பளம் ஆயிற்று. டாஷ்போர்டில் வேகமானிக்குப் பக்கத்தில் டர்பைனின் வெப்பமானி. சாதாரணக் காரில் அதற்கு வேலையில்லை. அதன் எண்களை வெள்ளைப் பென்சிலின் கூர்முனையால் தொட்டு எழுப்பினேன். பிறகு ஒரு சொட்டுத் தெளிவார்னிஷ் விட்டேன், கண்ணாடி.

டீகால் வெளுத்திருக்கிறது. நீரில் போட்டதும் ஒழுங்காகக் கழன்று வந்தது.

மார்ச் 9, ஞாயிறு

உடலைச் சட்டகத்தின்மேல் இறக்கினேன். சக்கரத்துக்கும் டயருக்கும் நடுவே மெல்லிய வெள்ளித் தாள் வளையம் வைத்திருக்கிறேன், கசிவு தொடாமல் இருக்க.

நண்பருக்குப் படங்கள் அனுப்பினேன். மாலையில் அழைத்தார். விலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பின்விளக்கின் தகடுகளுக்குள் கறுப்பை எப்படி விட்டேன், எவ்வளவு நீர்க்க வேண்டும், துடைக்கப் பஞ்சா துணியா என்று கேட்டார். அவரிடம் ஒரு ஜோ-ஹான் கேடிலாக் மூடியபடி இருக்கிறதாம். டயர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். திறந்தே பார்த்ததில்லை என்றார். அடுத்த சனிக்கிழமை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.