அம்மாவின் இரண்டு பட்டியல்கள்

கார்த்திகை மாதம் பிறக்க முன்னரே எங்கள் கோவிலில் கடித உறைகள் தருவார்கள். நவம்பர் 2ஆம் திகதி இறந்தோர் நினைவுநாள். நம் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தால், அந்த மாதம் முழுவதும் திருப்பலியில் அவர்களுக்காக மன்றாடுவார்கள். அம்மா பெயர்களைச் சொல்ல நான் எழுதுவேன். அப்பு, ஆச்சி, ஐயா, சின்னம்மா என்று வரிசை போகும். அண்ணனின் பெயர் அதில் வராது. உயிரோடிருப்பவர்களுக்கான பட்டியலில், என் பிள்ளைகளின் பெயர்களுக்கும் மேலே, அது முதலாவதாக இருக்கும்.

எங்கள் ஊர் குருநகர். ஐயா கடற்றொழிலாளி. வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம் என்று அம்மா இறைச்சியைத் தொடமாட்டார். "மீன்காரன் வீட்டிலை இறைச்சியை விடுறது என்ன ஒறுத்தல்?" என்று ஐயா பகிடி பண்ணுவார். அதைக் கேட்ட பின்னர் அம்மா வெள்ளிக்கிழமைகளில் மீனையும் விட்டுவிட்டார். எங்களுக்கு மட்டும் குழம்பு வைத்துத் தந்துவிட்டு, தான் சம்பலுடன் சோறு சாப்பிடுவார்.

1990இல் மின்சாரம் நின்ற பிறகு மண்ணெண்ணெய் பொன் விலை விற்றது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவு எண்ணெய் விட்டு, திரி போட்டு எரிப்போம். மாலைச் செபத்திற்கு அந்த விளக்கை வைப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அம்மா அதை எங்கள் புத்தகத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, இருட்டில் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லுவார். "மணியை விரலுக்குத் தெரியும். எழுத்துக்குத்தான் வெளிச்சம் வேணும். நீங்கள் படியுங்கோ" என்பார். சவர்க்காரம் இல்லாத காலத்தில் பனம்பழத்தால் தோய்த்த எங்கள் பள்ளிக்கூடச் சட்டைகளும் அந்த இருட்டில்தான் கொடியில் காயும்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு எல்லோரோடும் தென்மராட்சிக்கு நடந்தோம். அம்மா அரிசிப் பைக்குள் அந்தோனியார் சுருபத்தைப் புதைத்துக் கொண்டுவந்தார். அடுத்த வருடம் சித்திரை கழிந்து ஊர் திரும்பினோம். ஆடியில் ஒரு நாள் வேலைக்கென்று சைக்கிளில் போன அண்ணன் வரவில்லை. அந்த ஆண்டு யாழ்ப்பாணத்தில் அப்படிக் காணாமற்போனவர்கள் பல நூறு பேர். அண்ணனுக்கு அப்போது 19 வயது.

காணாமற்போனவற்றைக் கண்டுபிடித்துத் தருபவர் அந்தோனியார் அல்லவா? செவ்வாய்க்கிழமை தவறாமல் அம்மா அவரிடம் கேட்டார். ஒரு வருடம் பார்த்துவிட்டுச் சுருபத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். "என்ரை முகத்தைப் பாராமல் இருக்கிறவருக்கு நான் ஏன் முகம் காட்ட வேணும்?" என்றார். எட்டாம் நாள் விடிய எழும்பி, தானே துடைத்து, முன்பக்கம் திருப்பினார். அந்த எட்டு நாளும் அம்மா செபமாலையை விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பின்னர் ஒரு காலம், மரணச் சான்றிதழ் எடுத்தால் நட்டஈடு கிடைக்கும் என்றார்கள். வற்புறுத்தியது நான்தான். எங்கள் வீட்டுக் கூரை செல் விழுந்ததோடு பாதியாகக் கிடந்தது, எனக்குக் கைக்குழந்தை. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "நான் பெத்த பிள்ளைக்கு என்ரை கையாலே மரணப் பத்திரம் எழுதேலாது. கிடுகு வேய்வம் பிள்ளை" என்றார். கிடுகுதான் வேய்ந்தோம். அன்று நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாயிருக்கும். ஆனால் மழைக்குப் பிள்ளையை மடியில் வைத்து மூலை மூலையாக ஒதுங்கியதையும் நான் மறக்கவில்லை.

2016இல் சட்டத்தைத் திருத்தி, இறந்தார் என்று எழுதாமல், காணாமற்போயுள்ளார் என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு வழி செய்தார்கள். அதைக் கொண்டு உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம், அவருடைய சொத்து விடயங்களையும் கவனிக்கலாம். இதை அறியாத சகோதரிகள் இன்றும் இருக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன். எங்களுக்கு அது இருபது வருடம் பிந்தி வந்தது. அம்மா விபரத்தை முழுதாகக் கேட்டார். "அப்ப, செத்ததெண்டு எழுதமாட்டினமோ?" என்று மூன்று தரம் கேட்டபின்தான் கையெழுத்து வைத்தார்.

2023 மாசியில் அம்மா போய்விட்டார். அந்தக் கார்த்திகையில் உறையை எடுத்துக்கொண்டு இருந்தேன். இறந்தோர் பட்டியலில் முதலாவதாக அம்மாவின் பெயர். பக்கத்தில் இருந்து எழுதிய மகள், "மாமாவின்ரை பேரை எதிலை எழுதுறது அம்மா?" என்று கேட்டாள். அண்ணன் உயிரோடில்லை என்றுதான் என் மனம் பல வருடங்களாகச் சொல்கிறது. அதை அம்மாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"அம்மம்மா எழுதுவிச்ச இடத்திலை எழுது" என்றேன்.

பின்னேரம் சேமக்காலைக்குப் போனோம். ஒவ்வொரு வருடமும் எங்கள் கல்லறைகளுக்கு மெழுகுதிரி கொளுத்தியபின், ஒரு திரியை மிச்சம் வைத்து, நடுவில் நிற்கும் பெரிய சிலுவையின் அடியில் அம்மா தனியே போய்க் கொளுத்துவார். யாருக்கென்று கேட்டால், "நினைக்க ஆளில்லாத ஆத்துமாக்களுக்கு" என்பார். அதற்கு மேல் நான் கேட்டதில்லை.

அன்று அந்தத் திரியை நான் கொண்டுபோனேன். கடற்காற்று பலமாக இருந்தது. இரண்டு தரம் அணைந்தது. மூன்றாம் தரம் மகள் கையால் மறைத்துப் பிடித்தாள்.